பழைய வயர்லெஸ் கருவிகளில் ரிப்பீட்டர்: பணம் எங்கே செலவாக வேண்டும்?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரங்களில் தொழிற்சாலைகளும் வாகன நிறுவனங்களும் கைபேசிக்கு மாறிய பிறகு கழித்துவிட்ட வயர்லெஸ் கருவிகள் இன்றும் பழைய பொருள் கடைகளுக்கு வருகின்றன. மோட்டோரோலா ஜிஎம் 300 போன்ற அக்காலத்து வாகனக் கருவிகள் உறுதியான உடலும், பக்கத்து அலைவரிசைகளின் நெருக்கடியைத் தாங்கும் ரிசீவரும் கொண்டவை என்பதால், ரிப்பீட்டர் (பலவீனமான சிக்னலை உயரத்தில் பெற்று மீண்டும் ஒலிபரப்பும் நிலையம்) அமைக்க விரும்பும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் அவற்றை நாடுவது சரியான முடிவே. ஆனால் இத்தகைய கருவிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: கருவியில் மிச்சமாகும் பணம் முழுவதும் டியூப்ளெக்சருக்கும் (ஒரே ஆன்டெனாவில் அனுப்பும் அலையையும் பெறும் அலையையும் பிரிக்கும் வடிகட்டி) கேபிளுக்கும் போய்ச் சேர வேண்டும். இரண்டு கருவிகளை ஒரு வயரால் இணைத்துவிட்டால் ரிப்பீட்டர் ஆகிவிடும் என்று நம்பி மலையேற்றப்பட்ட பெட்டிகள் தம் குரலையே தாம் கேட்டுத் தடுமாறுவதைத்தான் காண்கிறோம்.

வாங்கியவுடன் செய்ய வேண்டியது பழைய சானல்களை அழிப்பது. முந்தைய உரிமையாளரின் அலைவரிசைகள் நினைவகத்தில் அப்படியே இருக்கும். அவை காவல்துறையுடையவையாகவும் இருக்கலாம். ஆன்டெனாவை மாட்டிப் பேசும் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆர்வம், யாரோ ஒருவருடைய அவசர உரையாடலைக் குலைத்துவிடக் கூடும். ஆகவே ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு (சக்தியை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கும் சுமை) இணைத்த நிலையிலேயே சோதிக்க வேண்டும். இந்திய அமெச்சூர்களுக்குரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டைகளுக்கு வெளியே ஒரு சானல்கூடக் கருவியில் மிஞ்சக் கூடாது. உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முதல் குற்றமாக இருந்து வந்துள்ளது. ரிப்பீட்டருக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியும், மலை காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் ஒப்புதலும் பெற்ற பிறகே கம்பம் நட வேண்டும்.

ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் வேண்டும். இரண்டு மீட்டர் பட்டையில், அதாவது 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், இவ்விரண்டின் அலைவரிசைகளுக்கும் இடையே உள்ள வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. டிரான்ஸ்மிட்டரின் 25 வாட் என்பது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு). நல்ல ரிசீவர் கேட்கக்கூடிய கால் மைக்ரோவோல்ட் என்பது ஏறத்தாழ மைனஸ் 119 டிபிஎம். இடையில் இருப்பது 163 டெசிபெல், அதாவது இரண்டுக்குப் பின் 16 சுழிகள் கொண்ட மடங்கு. ரிசீவரின் பிரித்தறியும் திறன் இதில் ஒரு பகுதியைச் சமாளிக்கும். ஆனால் டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையின் இருபுறமும் மெல்லிய இரைச்சலைப் பரப்புகிறது. அது ரிசீவர் கேட்கும் இடத்திலேயே வந்து விழுவதால் எந்த ரிசீவராலும் அதை விலக்க இயலாது. இவ்விரண்டையும் அடக்க 80 முதல் 90 டெசிபெல் வரை பிரிப்பு தேவைப்படும். அதைத் தருபவை கேவிட்டி எனப்படும் உயரமான உருளை வடிவ உலோக வடிகட்டிகள் நான்கோ ஆறோ சேர்ந்த டியூப்ளெக்சர்கள்தாம். மலிவாகக் கிடைக்கும் கையடக்க டியூப்ளெக்சர்கள் 5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வணிக இடைவெளிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை 600 கிலோஹெர்ட்ஸுக்கு நெருக்கி டியூன் செய்தால் பிரிப்பு குறையும், இழப்பு கூடும். 70 சென்டிமீட்டர் பட்டைக்கு, அதாவது 434 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு, போனாலும் நமக்குள்ள அகலம் மொத்தமே 4 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதை வாங்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.

பிரிப்பு போதுமா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. டியூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் டம்மி லோடை இணைத்து, இரைச்சலோடு சேர்ந்து மட்டுமட்டாகக் கேட்கும் அளவுக்கு ஒரு சோதனை சிக்னலை ரிசீவருக்கு அனுப்பி, பிறகு டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். இரைச்சல் கூடினால் குறை டியூப்ளெக்சரிலோ கருவிகளை இணைக்கும் கேபிளிலோ இருக்கிறது. டம்மி லோடில் சரியாக இருந்து, ஆன்டெனாவை மாட்டியதும் இரைச்சல் கூடினால், தளர்ந்த கனெக்டர், நீர் புகுந்த கேபிள், டவரின் துருப்பிடித்த இணைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய பின்னலும் சேர்ந்த கேபிள்கள் இழப்பு குறைந்தவையாக இருந்தாலும், இரு உலோகங்கள் உரசும் இடத்தில் இத்தகைய இரைச்சலை உண்டாக்குவதால் ரிப்பீட்டருக்கு ஏற்றவை அல்ல. இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்ஜி 214 கேபிளும் என் வகைக் கனெக்டரும் விலைக்குத் தகுந்தவை.

வாகனக் கருவி விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. வேலூரின் மே மாத வெயிலில், தகரக் கொட்டகைக்குள், இடைவிடாமல் பேசும் வேலையை அதற்குக் கொடுத்தால் பவர் டிரான்சிஸ்டர் நிலைக்காது. ஆகவே பவரைப் பாதியாகக் குறைத்து, ஹீட்சிங்க் மீது மின்விசிறி பொருத்துவது கட்டாயம். கெட்டுப்போன பழைய பவர் டிரான்சிஸ்டரின் வெள்ளைப் பீங்கான் பகுதியை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. அதில் பெரிலியம் ஆக்சைடு இருக்கக் கூடும், அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது.

நம் வட்டாரத்தின் நில அமைப்பு ஒரே ரிப்பீட்டருக்குக் கட்டுப்படாது. ஏலகிரியின் உயரம் வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்துக்குப் பயன்பட்டாலும், ஜவ்வாது மலையின் மடிப்புகளும் ஒடுகத்தூர்ப் பள்ளத்தாக்கும் நிழலில் விழும். கிழக்கே ஆற்காடு, சோளிங்கர் பக்கத்துக்கு வேலூரை ஒட்டிய மற்றொரு குன்று வேண்டும். இரண்டையும் யுஎச்எஃப் லிங்க் (434 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு ரிப்பீட்டரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வயர்லெஸ் இணைப்பு) கொண்டு இணைப்பது அவ்வளவு கடினமல்ல. தடையற்ற பார்வைக் கோட்டில் 70 கிலோமீட்டருக்கு 436 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 122 டெசிபெல். இருபுறமும் 10 டிபிஐ பெருக்கமுள்ள, ஒரு திசையை நோக்கும் யாகி ஆன்டெனாவும் 5 வாட்டும் இருந்தால், கேபிள் இழப்பு போகவும் தாராளமான சிக்னல் கிடைக்கும். கவனிக்க வேண்டியது வேறு: 145.2 மெகாஹெர்ட்ஸில் பேசும் ரிப்பீட்டரின் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசையில் கசியும் சிக்னல்) 435.6 மெகாஹெர்ட்ஸில், அதாவது நம் யுஎச்எஃப் பட்டைக்குள்ளேயே விழுகிறது. லிங்க் அலைவரிசையை அதிலிருந்து விலக்கித் தேர்ந்தெடுத்து, விஎச்எஃப் (144 மெகாஹெர்ட்ஸ் பட்டை) டிரான்ஸ்மிட்டரில், உயர்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் பொருத்த வேண்டும். லிங்க் ரிசீவர் சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோடு சேர்த்து அனுப்பப்படும் தாழ்ந்த அடையாள ஒலி) வந்தால் மட்டுமே திறக்க வேண்டும், சிக்னல் நின்றபின் சிறிது நேரம் லிங்க் எதிர்த்திசையில் பேசாதபடி கண்ட்ரோலரை அமைக்க வேண்டும். இல்லையேல் ஒரு முனையின் ஸ்குவெல்ச் வால் (சிக்னல் நின்றதும் ஒரு கணம் கேட்கும் இரைச்சல்) மறுமுனையை எழுப்ப, இரண்டும் மாறிமாறி இயங்கிக்கொண்டே இருக்கும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியது போன்ற நாட்களில் மின்சாரம் முதலில் போய்விடும் என்பதை எண்ணியே பேட்டரியைக் கணக்கிட வேண்டும். பேசும்போது 7 ஆம்பியரும், காத்திருக்கும்போது அரை ஆம்பியரும் எடுக்கும் ரிப்பீட்டர் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசினால், சராசரி 1.8 ஆம்பியர், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால், ஏறக்குறைய 28 மணி நேரம் தாங்கும். இந்தக் கணக்கு புதிய பேட்டரிக்கே பொருந்தும் என்பதால், ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முன்பு மெயின் இணைப்பைத் துண்டித்து ரிப்பீட்டரை ஒரு முழு நாள் பேட்டரியில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.