பிட், துரப்பணம், அலகு: சுவரைத் துளைப்பதற்கு எது பெயர்?

ஹார்டுவேர் கடையில் போய் "ஒரு பிட் குடுங்க" என்றால் உடனே கைக்கு வராது. எதுக்கு, எத்தனை எம்எம், எந்த மெஷினுக்கு என்று மூன்று கேள்வி வரும். டிரில் மெஷினில் மாட்டித் துளைபோடும் இந்த முனையில் இரும்புக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று. பார்வைக்கு எல்லாம் முறுக்கிய கம்பிதான், பெயரும் ஒன்றுதான். ஆனால் இரும்பு பிட்டைச் செங்கல்லில் வைத்தால் முதல் துளையிலேயே முனை மழுங்கிவிடும். சுவர் பிட்டை இரும்பில் வைத்தால் தேய்த்துச் சூடேற்றுமே தவிர உள்ளே இறங்காது. செய்யும் வேலை வேறு வேறு என்பதைப் பெயர் சொல்வதில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். அங்கே 'பிட்' என்பது 'கடி' என்ற வினையின் வழி வந்தது. கடிக்கிற முனை பிட், கடித்து எடுத்த துண்டும் பிட். தேர்வறைக்குள் போகிற பிட்டும் தெருவில் கொடுக்கிற பிட் நோட்டீஸும் இந்தத் துண்டின் வாரிசுகள். குதிரையின் வாயில் மாட்டும் இரும்புக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். நம் கடிவாளத்திலும் 'கடி' ஒலிக்கிறது. கணினியின் பிட் மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது இரும எண் என்பதற்கான ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 20-ஆம் நூற்றாண்டில் செய்தது. 'டிரில்' டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அதற்குத் துளைத்தல், சுழற்றுதல் என்று பொருள். படைவீரரைத் திரும்பத் திரும்பச் சுழலவைக்கும் பயிற்சிக்கும் அதுவே பெயராயிற்று. ஆக, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரும் டிரில் மெஷினும் ஒரு வேர்.

தமிழில் இந்தக் கருவிக்குப் பழைய பெயர் துரப்பணம். துறப்பணம் என்றும் எழுதுவார்கள். மலையாளத் தச்சர்களிடமும் இதே சொல் உண்டு. வேர் 'துர', குடைந்து உள்ளே செலுத்துவது. 'தோட்டந்துரவு' என்கிறோமே, அந்தத் துரவு நிலத்தைக் குடைந்த கிணறு. தேங்காய்த் துருவலின் 'துருவு' இதே குடும்பம். துரப்பணம், துரவு, துருவல் மூன்றிலும் பொருளைச் சுரண்டிச் சுரண்டிக் குடைந்து எடுக்கும் செயல் இருக்கிறது. மரத்திலும் இரும்பிலும் பிட் செய்வது சரியாக அதைத்தான்: கூரிய விளிம்பு சுருள் சுருளாகச் சீவி எடுக்கிறது, பிட்டின் உடலில் ஓடும் பள்ளம் அதை வெளியே தள்ளுகிறது.

துரப்பணம் என்பது கருவி முழுவதற்கும் பெயர். அதன் முனையில் மாட்டும் துண்டுக்கு அலகு பொருந்தும். பறவையின் மூக்கும் அலகு, கத்தியின் வெட்டுவாயும் அலகு. கோயிலில் கன்னத்தில் அலகு குத்துகிறார்கள். துளைப்பது என்ற பொருள் சொல்லில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. 'துளையிடும் கருவி' என்று பாடநூல் பாணியில் எழுதினால் மெஷினா பிட்டா என்றே தெரியாது. அதைவிட 'துரப்பண அலகு' எவ்வளவோ மேல்.

ஆனால் சுவரில் இந்தச் சொல்லும் சற்று வழுக்குகிறது. செங்கல்லும் கான்கிரீட்டும் சீவினால் சுருளாக வராது, அடித்தால் நொறுங்கும். மின்சார மெஷின் கைக்கு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியன்கள் சுவரைத் துளைத்தது ரால் ஜம்பரால். விரல் தடிமனில் ஒரு எஃகுக் கம்பி, முனையில் பட்டை பட்டையாக விளிம்பு. சுவரில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி, கம்பியைக் கொஞ்சம் திருப்பு, மறுபடி ஓர் அடி. அடி நொறுக்கும்; திருப்புவது அடுத்த அடி புது இடத்தில் விழுவதற்கு. இன்றைய ஹேமர் மெஷின் அதே அடியையும் திருப்பலையும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனவே சுவர் பிட்டுக்கு மூதாதை தச்சனின் துரப்பணமல்ல, கல்தச்சனின் உளி. பெயர் வைப்பதானால் அதை 'உளியலகு' என்பேன். மரத்துக்கும் இரும்புக்கும் உரியது 'சீவலகு'. கடையில் இப்படிக் கேட்டு நிற்க வேண்டாம், அங்கே கான்கிரீட் பிட் அல்லது மேசன்ரி பிட் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். ஆனால் மனத்தில் உளி என்று பதிந்துவிட்டால் பாதித் தவறுகள் நடக்காது.

உளியலகின் நுனியை முன்னிருந்து பாருங்கள். உடலைவிடச் சற்று அகலமாக, கூரை வடிவில் ஒரு சாம்பல் நிறத் தகடு பதித்திருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு. நம் பட்டறைகளில் இதற்குப் பெயர் விடியா. 'வைரம் போல' என்று பொருள்படும் இரண்டு ஜெர்மன் சொற்களைச் சேர்த்து, 1920-களில் க்ரூப் நிறுவனம் வைத்த வணிகப் பெயர் அது. யாரோ வித்யா என்ற பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இந்தத் தகடு எஃகு உடலோடு பற்றவைப்பு உலோகத்தால் ஒட்டியிருக்கிறது. கடினமான இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினால் சூட்டில் ஒட்டு இளகித் தகடு கழன்றுவிடும். நுனிப் பக்கம் எஃகு நீலம் பாய்ந்திருந்தால் அந்த பிட் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆற்றுகிறேன் என்று தண்ணீரில் முக்கவும் கூடாது, கார்பைடு திடீர்க் குளிரில் விரிசல் விடும். பத்து விநாடி ஓட்டம், வெளியே இழுத்துக் கொஞ்சம் காற்றாட விடுவது, மறுபடி ஓட்டம். புகை வருகிறது, துளை இறங்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மெஷினின் சுழல்திசை பொத்தான். முந்தின ஆள் ஸ்க்ரூ கழற்றிவிட்டு ரிவர்ஸிலேயே விட்டிருப்பார்.

துளைக்குள் போகிற பிளக்குக்கும் பெயர்க் கதை உண்டு. ரால் பிளக் என்பது லண்டன் ஒப்பந்ததாரர் ஜான் ஜோசஃப் ராலிங்ஸின் பெயரைச் சுருக்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைச் சிதைக்காமல் மின்சாதனம் பொருத்த வேண்டிவந்தபோது நாரால் செய்த பிளக்கை உருவாக்கி, 1911-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நாம் வாங்கும் நைலான் பிளக் 1958-இல் ஜெர்மனியின் ஆர்த்தர் ஃபிஷர் கொடுத்த வடிவத்தின் வழிவந்தது. தமிழில் 'முளை' போதும். மாடு கட்ட அடிப்பதும் முளைதான். முளை சுவரைப் பிடிப்பது ஸ்க்ரூ உள்ளே போகும்போது அது விரிந்து நெருக்குவதால். அதனால் பிட்டின் அளவும் முளையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்: 6 எம்எம் முளைக்கு 6 எம்எம் பிட், 8-க்கு 8. பொதுவாக 6 எம்எம் முளைக்கு 4 முதல் 5 எம்எம் ஸ்க்ரூ, 8-க்கு 4.5 முதல் 6 வரை. மெல்லிய ஸ்க்ரூ போட்டால் முளை விரியாது, விரியாத முளை கையோடு வரும்.

பிட்டில் 8 என்று பொறித்திருந்தாலும் புது நுனியை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்தால் 8-க்குச் சற்று மேலே காட்டும். குறையல்ல, அப்படித்தான் செய்கிறார்கள். தேயத் தேய 8-ஐ நோக்கி இறங்கும். தகட்டின் இரண்டு ஓரமும் உருண்டுபோன பழைய பிட்டால் துளைத்தால் துளை சிறுத்து, முளை பாதியில் நிற்கும். அங்கே சுத்தியலால் நாலு போடு போட்டு, மடங்கிய தலையை பிளேடால் அறுத்துவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. எதிர்ப்பக்கத் தவறு, உடல் வளைந்த பிட். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் ஆடும். அது போட்ட துளை வாயில் அகன்று உள்ளே ஒடுங்கும். முளை உள்ளே நெருக்கமாகவும் வாயில் தளர்வாகவும் இருக்கும்.

ஒரு துளையைக் கூடவே நின்று பார்ப்போம். செங்கல் சுவரில் 3 எம்எம் தடிமன் பிராக்கெட், 8 எம்எம் முளை, முளை நீளம் 40. சுவிட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலும் நேர் கீழும் வயர் பைப் ஓடும். அந்த நேர்க்கோட்டை விட்டுத் தள்ளிக் குறி வையுங்கள். மெஷினின் ஹேமர், அதாவது அடி, இல்லாமல் சுழற்சியில் மட்டும் மெதுவாகத் தொடங்கி, நுனி உட்கார்ந்ததும் ஹேமருக்கு மாற்றுங்கள். முதலில் கொட்டுவது சாம்பல் நிறத் தூள்: பூச்சு. திடீரென்று தூள் சிவக்கும்: செங்கல் வந்துவிட்டது. அந்த நொடியில் நிறுத்தி பிட் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். 15 எம்எம் என்றால் பூச்சு 15. பூச்சு எடை தாங்காது. 40 எம்எம் முளையைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தினால் 25 எம்எம் மட்டுமே செங்கல்லில் இருக்கும். அலமாரி மூன்று மாதத்தில் பூச்சோடு பெயர்ந்து வருவதற்கு இதுவே வழக்கமான காரணம். முளை முழுவதும் செங்கல்லுக்குள் போக வேண்டும் என்றால் கணக்கு இப்படி: பூச்சு 15, முளை 40, தூள் தங்க 10, துளை ஆழம் 65. ஸ்க்ரூவுக்கு பூச்சு 15, முளை 40, பிராக்கெட் 3, முளையைத் தாண்டி நுனி வெளியே வர 5; ஆக 63. கடை மொழியில் தடிமன் 10 நம்பர், நீளம் இரண்டரை இஞ்ச்.

65-ல் பிட்டைச் சுற்றிச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, வால் கொஞ்சம் தொங்கும்படி. வால் சுவர்த் தூளைப் பெருக்கத் தொடங்கினால் ஆழம் போதும். சுழற்சியை நிறுத்தாமல் இரண்டு மூன்று முறை வெளியே இழுத்து உள்ளே விடுங்கள், பள்ளம் தூளைக் கொண்டுவரும். மீதியைச் சின்ன காற்றடிக்கும் பம்பால் எடுக்கலாம். வாயால் ஊதினால் தூள் நேராகக் கண்ணுக்கு வரும்.

உளி வேண்டாத சுவர்களும் உண்டு. ஹாலோ பிளாக்கிலும் ஓட்டைச் செங்கல்லிலும் ஹேமர் போட்டால் உட்புறச் சுவர் சில்லாக உடைந்து விழும், முளைக்குப் பிடிமானம் இருக்காது. சுழற்சி மட்டும் போதும். ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கட்டி, இன்னும் மென்மை. தூள் வெள்ளையாக மாவு போல வரும். அங்கே ஹேமர் அறவே கூடாது, இரும்பு பிட்டே இறங்கும், துளையும் முளையைவிட ஒரு அளவு சிறிதாக இருந்தால் பிடிப்பு நன்று. டைல்ஸில் முதலில் ஈட்டி முனை பிட் அல்லது வைரத் தூள் பதித்த குழாய் பிட், அதுவும் ஹேமர் இல்லாமல். விட்ரிஃபைடு டைல்ஸுக்குக் குழாய் பிட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும். டைல்ஸ் தாண்டிய பிறகுதான் உளியலகும் அடியும்.

ஜன்னல் திரைக் கம்பிக்கு பிராக்கெட் போடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் லிண்டல். ஜன்னலுக்கு மேலே ஓடுவது செங்கல்லல்ல, கம்பி கட்டிய கான்கிரீட். வீட்டு உபயோக இம்பாக்ட் டிரில்லில் அடி உண்டாவது இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதால். ஆள் பலமாக அழுத்தினால்தான் அடிக்கும், அதுவும் சின்னச் சின்ன அடி. செங்கல்லுக்குப் போதும், கான்கிரீட்டில் திணறும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் அமுக்கிய காற்று ஒரு சுத்தியைத் தள்ளி பிட்டின் வாலில் அடிக்கிறது. அழுத்தவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். சரளமாக இறங்கிக்கொண்டிருந்த பிட் சட்டென நின்று, சத்தம் உலோகமாக மாறினால் முட்டியது கம்பி. இரண்டு வெட்டு நுனி பிட் அங்கே சிக்கி முறுக்கும், மணிக்கட்டையும் சேர்த்து. நான்கு வெட்டு நுனி அவ்வளவாகச் சிக்காது என்றாலும் கம்பியை அது அறுக்கப்போவதில்லை. ஒன்றிரண்டு அங்குலம் தள்ளித் துளைப்பதுதான் வழி.

ரோட்டரி ஹேமரின் பிட்டுக்கு வால் வேறு மாதிரி: எஸ்டிஎஸ். செருகு, திருப்பு, உட்கார்ந்தது என்று சொல்லும் மூன்று ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து. 1970-களில் போஷ் கொண்டுவந்த அமைப்பு. எஸ்டிஎஸ் பிளஸ் வால் 10 எம்எம் தடிமன். அதில் நான்கு பள்ளம்: முனைவரை திறந்த இரண்டு பிட்டைச் சுழற்ற, இருபுறமும் மூடிய இரண்டு பிட் கழன்று விழாமல் பிடிக்க. மாட்டிய பிறகு பிட் முன்னும் பின்னும் ஆடும். பழுது என்று பயந்து திருப்பிக் கொடுக்க வருபவர்கள் இருக்கிறார்கள். ஆட வேண்டும், ஆடினால்தான் அடி பிட்டுக்குப் போகும். வாலில் மட்டும் கொஞ்சம் கிரீஸ்.

வாங்கும்போது உறையில் இரண்டு நீளம் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண் வாலோடு சேர்த்த மொத்த நீளம், சின்ன எண் சுவருக்குள் போகக்கூடியது. 8 எம்எம் எஸ்டிஎஸ் பிளஸ்ஸில் 110 நீள பிட் உள்ளே போவது 50 மட்டுமே, மேலே சொன்ன 65 ஆழத் துளைக்கு அது எட்டாது. அதற்கு 160-ஐக் கேளுங்கள். அது 100 போகும்.