ஃபினாயில் வண்டி போன பிறகு

எங்கள் ஊர்த் தெருக்களில் வாரம் ஒரு தடவை அந்த வண்டி வரும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல், "ஃபினாயில், ஆசிட், சோப்பு ஆயில், ப்ளீச்சிங் பவுடர்" என்று நீட்டிக்கொண்டே போகும். கடையில் வாங்குவதைவிட விலை குறைவு, வாசலுக்கே வந்துவிடுகிறது. வேறென்ன வேண்டும்? ஆளுக்கொரு காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காலி பாட்டில் என்றால் போன வாரம் கல்யாண வீட்டில் கொடுத்த தண்ணீர் பாட்டில், இல்லாவிட்டால் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்.

அந்த பாட்டில்களில் சில, சில நாள் கழித்து என் மேசைக்கு வந்து சேரும். கூடவே ஒரு குழந்தையும்.

நான் குழந்தை மருத்துவர். ஒரு பையன் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு வயது. பாட்டி பாத்ரூம் கழுவ ஆசிட்டை வாசலில் வைத்துவிட்டு, துடைப்பம் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார். எலுமிச்சை நிறத்தில் ஏதோ இருக்கிறது, பாட்டிலோ அவனுக்குப் பழக்கமான ஜூஸ் பாட்டில். ஒரே ஒரு வாய்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிவிட்டது. குழாய் விட்டு அதை விரிக்கிற சிகிச்சைக்காக அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அலைந்தது. இட்லியைப் பாலில் கரைத்துத்தான் ஊட்டினார்கள். பாட்டி என்னிடம் பேசும்போதெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

ஆசிட்டைச் சில்லறையில் விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பெயர் முகவரியைப் பதிய வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. ஆசிட் வீச்சு வழக்கில் வந்த உத்தரவு அது. வண்டியில் பாத்ரூம் ஆசிட் வாங்குகிறவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, மலிவாக வாங்குவது தப்பா? தப்பே இல்லை. சிறு குழந்தை இருக்கிற வீட்டில் டயபர், தடுப்பூசி, பால் என்று பணம் எப்படிக் கரையும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உண்மையான சிக்கனம் மலிவான பாட்டில் ஐந்து வாங்குவதில் இல்லை, அந்த ஐந்தில் மூன்றை வாங்காமலே விடுவதில் இருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு என்னைக் கேட்டால் சோப்பு, சலவை சோடா, வினிகர் அல்லது எலுமிச்சை, கொஞ்சம் ப்ளீச், வெயில் இவ்வளவுதான் சொல்வேன். கடைசியாகச் சொன்னதற்குக் காசு கிடையாது, நம் ஊரில் தட்டுப்பாடும் கிடையாது.

தரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தவழுகிற குழந்தைக்குத் தரைதான் சாப்பாட்டுத் தட்டு. அரை பக்கெட் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் அரை டீஸ்பூன். அதில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை துடையுங்கள். இரண்டாவது துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோப்பு தரையில் காய்ந்தால் பிசுக்காகி அழுக்கை இழுக்கும், குழந்தையின் கை வழியாக வாய்க்கும் போகும். துணிக்குப் பழைய பருத்தி வேட்டியோ லுங்கியோ போதும். வீசிங் இருக்கிற குழந்தை வீட்டில் காய்ந்த தரையை விளக்குமாற்றால் வேகமாகக் கூட்டாதீர்கள். கிளம்புகிற தூசி வெகுநேரம் காற்றிலேயே நிற்கும். ஈரத்துணி அதைப் பிடித்துக்கொள்ளும்.

"அதெல்லாம் சரி டாக்டர், வாசனையே வரலையே, கழுவின மாதிரியே இல்ல" என்று ஒரு அம்மா சொன்னார். அங்கேதான் பிரச்சினை. வாசனை வந்தால்தான் வீடு சுத்தம் என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். சுத்தமான தரைக்கு எந்த வாசனையும் இருக்காது. ஃபினாயில் நெடியோ பூ வாசனைத் திரவமோ கிருமியைப் பற்றி எதையும் சொல்வதில்லை, மூக்கைத்தான் ஏமாற்றுகிறது. மூச்சிரைப்பு உள்ள சில குழந்தைகளுக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்பிவிடும்.

அடுப்படிப் பிசுக்குக்குச் சலவை சோடா. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன். எண்ணெய் படிந்த டைல்ஸ், சிம்னி வலை, டப்பா மூடி எல்லாவற்றிலும் ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் படக்கூடாது, கறுத்துவிடும். கை எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இது ஆப்ப சோடா இல்லை. இரண்டும் வெள்ளைத் தூள்தான், ஆனால் சலவை சோடா வாயில் போனால் புண்ணாக்கும். அதனால் சமையலறை அலமாரியில் உப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

குழாயில் படிகிற வெள்ளை உப்புக் கறைக்கு எலுமிச்சைத் தோலோ வினிகர் நனைத்த துணியோ கால் மணி நேரம் சுற்றிவைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: கடப்பாக்கல் மேடை, மார்பிள், மொசைக் தரை இவற்றில் புளிப்பான எதுவும் கூடாது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் பட்டால் அரித்துப் பளபளப்பு போய்விடும். கிரானைட் தாங்கும். எங்கள் வீட்டுக் கடப்பா மேடையில் பாதி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்து, வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு வாங்கின அனுபவத்தில் சொல்கிறேன்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்தால் பொங்கும், வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். சேர்ந்ததும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே வேலை செய்யும்.

எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கிற பயோ என்சைம் பற்றியும் கேட்கிறார்கள். செய்யுங்கள், தரை துடைக்க நல்லதுதான், செலவும் இல்லை. ஆனால் கிருமிநாசினி என்று நம்பிவிடாதீர்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

கலப்பதில் ஆபத்தானது வேறொன்று இருக்கிறது. கக்கூஸுக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, இன்னும் பளிச்சென்று ஆகட்டும் என்று மேலே ப்ளீச்சிங் பவுடரையும் தூவுவார்கள். அந்த நொடியில் குளோரின் வாயு கிளம்பும். நம் பாத்ரூம்கள் ஆள் திரும்ப முடியாத அளவு, ஜன்னல் உள்ளங்கை அகலம். தொண்டை இறுகும், கண் எரியும், இருமல் நிற்காது. அப்படி ஆகிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று உள்ளேயே நிற்காதீர்கள். வெளியே வந்து, குழந்தையையும் தூரமாகத் தூக்கிப் போய்விடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட், வினிகர், அமோனியா எதுவும் சேரக்கூடாது.

ப்ளீச்சே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் தினமும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாட்களில் அதற்கு வேலை இருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும். அழுக்கின் மேலே ஊற்றினால் ப்ளீச்சின் சக்தி அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் சுமார் 20 மில்லி ப்ளீச் திரவம். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் இது சரியான அளவு. பவுடர் என்றால் புதிதாகப் பிரித்ததில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் கரைத்து, தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளலாம். தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். குழந்தை தொடுகிற இடமாக இருந்தால் கடைசியில் வெறும் தண்ணீர். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். திறந்து வைத்து மாதக்கணக்கான பவுடர் வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். அதில் செலவு செய்வது வீண்.

கைக்கு மட்டும் எந்தக் கிருமிநாசினியும் வேண்டாம். சாதாரணக் கட்டி சோப்பு போதும். 99 சதவீதக் கிருமி ஒழிப்பு என்று விளம்பரம் வரும் திரவத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கிறோம். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 மருந்துப் பொருட்களைக் கை கழுவும் சோப்புகளில் சேர்த்து விற்க 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடை விதித்தது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக ஏதாவது செய்கின்றன என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை. குழந்தைக்கு மலம் கழுவிவிட்ட பிறகும், ஊட்டுவதற்கு முன்பும் அம்மா மட்டுமல்ல, அப்பாவும் பாட்டியும் கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

பீரோவைத் திறந்தால் வருகிற அந்த வாசனைக்கு வருவோம். அந்துருண்டை, பாச்சா உருண்டை, நாஃப்தலின், எந்தப் பெயரில் சொன்னாலும் அதேதான். மூத்த குழந்தையின் சட்டைகளை மடித்து, உருண்டை போட்டுப் பத்திரப்படுத்தி, இரண்டாவது குழந்தை பிறந்ததும் எடுத்து அப்படியே போடுவார்கள். சிக்கனம்தான், பாராட்ட வேண்டிய பழக்கம்தான். ஆனால் ஜி6பிடி என்ற நொதி உடம்பில் குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு நாஃப்தலின் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை ஏறும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், குழந்தை வெளிறிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்பது பிறந்தவுடன் பார்த்துத் தெரிவதில்லை. எனவே பழைய சட்டையைத் துவைத்து, முழு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் போட வேண்டும். உருண்டைக்குப் பதிலாகக் காய்ந்த வேப்பிலையையோ நொச்சி இலையையோ துணியில் முடிந்து போடலாம். இலை பூச்சியை முழுசாக விரட்டுமா? விரட்டாது, அடிக்கடி மாற்ற வேண்டும், துணியையும் எடுத்து உதற வேண்டும்.

இதைச் சொன்னவுடன் பலர், "அப்போ கற்பூரம் போட்டுக்கலாமா?" என்பார்கள். கற்பூரம் அதைவிட மோசம். ஒன்றிரண்டு வில்லையை விழுங்கினால் அரை மணி நேரத்துக்குள் வலிப்பு வந்துவிடலாம். சாமி மாடத்தில் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் வைக்கிற டப்பா அது. கொசுவிரட்டித் திரவப் புட்டியும், பெயின்ட் தின்னரும், எறும்புக்கு ஊற்றிவைத்த மண்ணெண்ணெயும் இதே வரிசையில் வரும்.

விளையாட்டுச் சாமான்களுக்கு சோப்புத் தண்ணீர், பிறகு வெயில். குளிக்கும்போது பிதுக்கி விளையாடுகிற ரப்பர் வாத்தை ஒருநாள் வெட்டிப் பாருங்கள், உள்ளே கறுப்பாகப் பூசணம் இருக்கும். ஓட்டை இல்லாததாக வாங்குவது நல்லது. தலையணையும் போர்வையும் வாரம் ஒருமுறை வெந்நீரில், அப்புறம் மொட்டை மாடியில்.

தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து நிரப்புவது மட்டும் சுத்தம் ஆகாது. டெங்கு கொசுவின் முட்டை தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீர் ஏறியதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை டிரம், குடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றின் உட்புறத்தையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

துடைத்து முடித்தால் பக்கெட்டை அந்த நிமிடமே கவிழ்த்துவிடுங்கள். நடை பழகுகிற குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். சத்தமே கேட்காது.

எவ்வளவு சொன்னாலும் ஏதாவது ஒரு நாள் ஏதோ ஒன்றைக் குழந்தை குடித்துவிடலாம். அப்போது உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் ஏறும்போது இன்னொரு தடவை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய், மோர், வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். வாயை மட்டும் தண்ணீரால் துடையுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் குழாயடியில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஓடட்டும். 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் வாருங்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சிரைக்கத் தொடங்கலாம்.

வரும்போது அந்த பாட்டிலையும் எடுத்து வாருங்கள். கம்பெனி பாட்டில் என்றால் திருப்பிப் பார்த்து, என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று ஒரு நொடியில் தெரிந்துகொள்வேன். வண்டியில் வாங்கியதாக இருந்தால் மூடியைத் திறந்து தள்ளிப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, உங்களிடமே கேட்பேன், "இதில் என்ன ஊற்றினார்கள் என்று தெரியுமா?"