டைனமோ லைட்: முன்னால் எரிகிறது, பின்னால்?

டைனமோ வைத்த சைக்கிள் வேலைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பின் விளக்கைத்தான். கொண்டு வந்தவர், "லைட் மங்கலா எரியுது, கொஞ்சம் பாருங்க" என்று முன் விளக்கைக் காட்டிக்கொண்டிருப்பார். பின் விளக்கு எப்போதோ அணைந்து போயிருக்கும், அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஓட்டும்போது யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆனால் இருட்டில் பின்னால் வேகமாக வரும் வண்டிக்கு நீங்கள் இருப்பதைக் காட்டுவது அந்தச் சின்னச் சிவப்பு விளக்குதான்.

பின் விளக்கு இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போவதற்கு டைனமோவின் குணமும் ஒரு காரணம். பாட்டில் வடிவக் கூட்டுக்குள் ஒரு நிலைக்காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் உரசும் உருளை காந்தத்தைச் சுழற்ற, சுருளில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம்தான். பரவலாகப் புழங்கும் டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட். வேகம் கூடினாலும் சுருளே மின்னோட்டத்தை மட்டுப்படுத்திவிடும், அரை ஆம்பியரைத் தாண்டி அதிகம் போகாது.

அந்த அரை ஆம்பியர்தான் வினை. முன் பல்பு ஃபியூஸ் ஆனால் அதற்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரமும் பின் பல்பின் மேல் பாயும். அதுவோ 0.1 ஆம்பியருக்குச் செய்த பல்பு. பளீரென்று எரிந்து, அதுவும் கருகிவிடும். நீங்கள் முன் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டு போவீர்கள். இப்போது பின் பல்பின் பங்கும் சேர்ந்து முன் பல்புக்கு வருவதால் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரியும், சீக்கிரமே போய்விடும். "மாத்துற பல்பு நிக்கவே மாட்டேங்குது" என்று பல்பைத் திட்டுகிறவர்களின் சைக்கிளில் பெரும்பாலும் பின் விளக்கு செத்துத்தான் கிடக்கிறது. ஒரு பல்பு போனால் இரண்டையும் பாருங்கள். முன் விளக்கு திடீரென்று நன்றாக எரிந்தால் சந்தோஷப்படாமல் பின்னால் போய்ப் பாருங்கள்.

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லையா? எர்த்தைச் சந்தேகப்படுங்கள். பழைய சைக்கிள்களில் விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். மின்சாரம் திரும்பி வரும் வழி சைக்கிளின் ஃபிரேம். டைனமோவின் பிடியில் கூர்முனை ஸ்க்ரூ ஒன்று இருக்கும். பெயின்ட்டைக் கிழித்து இரும்பைத் தொடுவது அதன் வேலை. புதிதாகப் பெயின்ட் அடித்தாலோ துரு ஏறினாலோ அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஒரு துண்டு வயரை டைனமோவின் கூட்டிலிருந்து விளக்கின் உலோக உடம்புக்குத் தொட்டுப் பிடித்து, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். எரிந்தால் குற்றம் எர்த்தில்தான். உப்புத்தாளால் தேய்த்து ஸ்க்ரூவை முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வயரை அப்படியே நிரந்தரமாக இழுத்துவிட்டாலும் தப்பில்லை. நான் அதைத்தான் விரும்புவேன்.

மழையில் உருளை வழுக்கினால் விளக்கு விட்டு விட்டு எரியும். உடனே ஸ்பிரிங்கை இறுக்கச் சொல்வார்கள். வேண்டாம், மிதிக்கக் கஷ்டமாகும், டயரும் தேயும். உருளைக்கு ரப்பர் உறை போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், டைனமோவின் அச்சை நீட்டினால் அது சக்கரத்தின் மையத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். கோணலாக நின்றால் உருளை சுற்றுவதோடு டயரைச் சுரண்டவும் செய்யும். பக்கவாட்டில் ரப்பர் போய் நூல் தெரியும் டயர்களை நான் மாற்றும்போது, குற்றவாளி இதுவாகத்தான் இருக்கும்.

நின்றால் விளக்கும் அணையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சந்திப்பில், சாலை நடுவே, திரும்பக் காத்து நிற்கும் அந்த நேரத்தில்தான் விளக்கு அதிகம் தேவை. ஓடும்போது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி உள்ள பின் விளக்குகள் இருக்கின்றன, நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரியும். அது இல்லையென்றால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றாவது இருக்கட்டும், கூடவே பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று.

எல்இடிக்கு மாறுகிறவர்கள் டைனமோவுக்கென்றே செய்த விளக்கை வாங்குங்கள். பேட்டரி விளக்கைப் பிரித்து நேராக வயரில் கோத்தால் இறக்கத்தில் வேகம் பிடிக்கும்போது ஏறும் மின்னழுத்தத்தில் அது போய்விடும். ஃபோனுக்கு நேராகச் சார்ஜ் போடுவது அதைவிட மோசம்.

அப்புறம், ஓட்டிக்கொண்டே குனிந்து, டயரில் படும்படி டைனமோவைத் தட்டிவிடும் பழக்கம். முன் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குப் பக்கத்தில் விரல் போகிறது, கவனமும் சாலையில் இல்லை. நிறுத்தித் தட்டுங்கள். அப்படியே பிடியின் போல்ட்டையும் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த டைனமோ ஓட்டத்தில் திரும்பிச் சக்கரத்துக்குள் சிக்கினால் சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீங்கள் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவீர்கள்.