நகை கறுப்பதும் காது புண்ணாவதும்: ஹால்மார்க் எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சுத்தத் தங்கம் கறுக்காது. நகை மங்குவதற்கும் கழுத்தில் கருமையோ பச்சையோ படிவதற்கும் காரணம், அதில் கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும்தான். வியர்வையின் உப்பு பட்டால் செம்பு வினைபுரியும். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுக்கும். அதனால் வாங்கும் நகையில் கலப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அதைக் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் தெரிந்துகொள்ளத்தான் நகையில் பொறிக்கும் தூய்மை முத்திரையான ஹால்மார்க் இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ், தங்கத்துக்கு ஹால்மார்க் தரத் தொடங்கியது 2000-ல். அது கட்டாயமானது 2021 ஜூன் 23-ல், முதலில் 256 மாவட்டங்களில். பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களும் சேர்ந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த மாவட்டங்களில் விற்கும் தங்க நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ் சின்னம், தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்.யூ.ஐ.டி என்ற தனி அடையாள எண். இந்த எச்.யூ.ஐ.டி ஒவ்வொரு நகைக்கும் வேறு. கடையில் நிற்கும்போதே 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள். என்ன நகை, என்ன தூய்மை, எங்கே சோதித்தது என்று வரும். கையில் இருப்பது வளையல், செயலி காட்டுவது மோதிரம் என்றால் வாங்காதீர்கள். 'கேடிஎம்' என்ற முத்திரை ஹால்மார்க் ஆகாது. அது பற்றவைக்கும் முறையைக் குறிப்பது.

தூய்மை எண்ணைப் படிப்பது எளிது. 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 தங்கம், மீதி 84 வேறு உலோகம். அதுவே 22 காரட். 18 காரட்டுக்கு 750. 14 காரட்டுக்கு 585, அதாவது 415 பங்கு வேறு உலோகம். இரவு பகலாகக் கழற்றாமல் போடும் தாலிச் சங்கிலி, நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் 14 காரட்டில் சீக்கிரம் மங்க வாய்ப்பு அதிகம். அதற்கு 22 காரட்டே நல்லது.

சரி, அந்த மீதி உலோகம் எது? இதை எண் சொல்லாது. வெள்ளைத் தங்கத்தில் சில நேரம் நிக்கல் சேர்ப்பார்கள். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பு, கொப்புளம், நீர் வடிதல் எல்லாம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில், துளையிட்ட இடத்தில் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டமே உண்டு. நம் ஹால்மார்க் எண் தங்கத்தின் அளவை மட்டுமே சொல்கிறது. அதனால் நிக்கல் கலக்கவில்லை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிட எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, குழந்தையின் முதல் கம்மல் போன்றவை பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வரும். ஆறாத துளையில், சதையோடு உரசிக்கொண்டு கிடப்பவையும் இவையே. எங்கே பாதுகாப்பு அதிகம் தேவையோ அங்கேயே விதி விலகி நிற்கிறது. ஆனால் கட்டாயமில்லை என்றுதான் விதி சொல்கிறது, போடத் தடை இல்லை. காது குத்தப் போகும் முன், ஹால்மார்க் போட்ட கம்மல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். திருகாணியும் அதே தங்கமா என்று மறக்காமல் கேளுங்கள். கல் பதித்த குந்தன், போல்கி நகைகளுக்கும் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைகளுக்கும்கூட விலக்கு உண்டு.

வெள்ளிக் கொலுசுக்கு ஹால்மார்க் விருப்பத்தின் பேரில்தான். 2025 செப்டம்பர் 1 முதல் அதற்கும் எச்.யூ.ஐ.டி வந்திருக்கிறது. 925 வெள்ளியும் கறுக்கும்; துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், அது போலி என்பதற்கு அடையாளமில்லை. கவரிங் நகைக்கு ஹால்மார்க் கிடையாது. முலாம் தேய்ந்ததும் அடியிலிருக்கும் செம்பு தோலில் படும்.

வாங்கிய நகையில் சந்தேகம் வந்தால், பி.ஐ.எஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் நீங்களே கொடுத்துப் பார்க்கலாம். நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய். முத்திரையில் சொன்னதைவிடத் தூய்மை குறைந்திருந்தால், 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ் விதி 49-ன்படி, குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். அதற்கு பில் வேண்டும். நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புகாரை அதே செயலியில் பதிவு செய்யலாம்.