உள்நாட்டு மதிப்புப் பங்கு: ‘உள்ளூர் உள்ளடக்கம்’ வேண்டாம்

ராணுவச் சீருடை, பூட்ஸ், கூடாரம் என எதற்கு டெண்டர் வந்தாலும் செய்தியில் ‘50 சதவீத உள்ளூர் உள்ளடக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘லோக்கல் கன்டென்ட்’டை இரண்டாகப் பிரித்து, அகராதியில் முதலில் கண்ட சொற்களை ஒட்டியிருக்கிறார்கள். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

‘கன்டென்ட்’டின் வேர் லத்தீன்; உள்ளே அடங்கியிருப்பது என்று பொருள். நூலுக்கும் கட்டுரைக்கும் ‘உள்ளடக்கம்’ சரியான சொல்தான். ஆனால் அரசு வாங்கும் பொருள்களில் இந்தியத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை பேசுவது ஒரு கணக்கை. பொருளின் மொத்த மதிப்பில் உள்நாட்டு மறைமுக வரியை நீக்கி, இறக்குமதிப் பகுதியின் மதிப்பைச் சுங்கவரியோடு கழிக்க வேண்டும். மிஞ்சுவது எத்தனை சதவீதம் என்பதே ‘லோக்கல் கன்டென்ட்’. ஒரு சீருடை 1000 ரூபாய், அதில் வெளிநாட்டுத் துணி 400 ரூபாய் என்றால் பங்கு 60 சதவீதம். தையல் கூலியும் இந்த 60-க்குள் வந்துவிடும். சீருடையின் ‘உள்ளடக்கம்’ என்றால் யாருக்கும் பருத்தி எவ்வளவு, பாலியெஸ்டர் எவ்வளவு என்ற துணிக் கலவைதான் நினைவுக்கு வரும். கூலியா நினைவுக்கு வரும்?

‘உள்ளூர்’ அதைவிடப் பெரிய பிழை. ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையான ஆவடி ஓ.சி.எஃப்.பில் தைப்பவருக்கு உள்ளூர் என்றால் ஆவடி. ஆணைக்கோ உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரும் ஆவடியும் ஒன்றே. இந்தியாவுக்குள் இருந்தால் போதும். அதற்கு ‘உள்நாடு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! சிலர் ‘உள்நாட்டு உள்ளீடு’ என்கிறார்கள். உள்ளீடு மூலப்பொருளை மட்டும் காட்டும், கூலி விட்டுப்போகும். ‘சுதேசிப் பொருள்’ என்றால் முழுப் பொருளும் இங்கேயே ஆனது என்றாகிவிடும்.

அமெரிக்காவின் பெர்ரி திருத்தத்தைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. 1941-இல் தொடங்கிய அந்த விதி, படையினரின் உடைக்கு வேண்டிய இழை, நூல், துணி, தையல் எல்லாமே அமெரிக்காவில் நடக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு; ஆனால் சதவீதக் கணக்கு அதன் அடிப்படை அல்ல. நம் ஆணையையும் இந்த விதியையும் ‘உள்ளூர் உள்ளடக்க விதி’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். இறக்குமதித் துணியில் தைத்த சட்டை நம் கணக்கில் தேறக்கூடும், அங்கே பெரும்பாலும் தேறாது என்ற அடிப்படை வேறுபாடே மறைந்துபோகிறது.

எனவே நம் ஆணைக்கு ‘உள்நாட்டு மதிப்புப் பங்கு’ என்றும், பெர்ரி திருத்தத்துக்கு ‘முழு உள்நாட்டு உற்பத்தி விதி’ என்றும் எழுதலாம். 50 சதவீதமும் அதற்கு மேலும் பங்கு காட்டும் நிறுவனத்தை ‘முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர்’ என்பதும் மாற வேண்டும். ‘முதல்நிலை உள்நாட்டு வழங்குநர்’ என்றால் தெளிவாக இருக்கும். மொழிபெயர்ப்பவர்கள் ஆணையின் வரையறைப் பத்தியை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லைத் தேடட்டும். அந்தப் பத்தியில் திரும்பத் திரும்ப வருவது ‘மதிப்பு’ என்ற சொல்தான்.