வகுப்பு வலைப்பூவில் மைகிட் எண் எதற்கு, டீச்சர்?

சென்ற வாரம் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பட்டறை. தொடங்குமுன் வழக்கம்போல் பள்ளியின் பெயரைக் கூகுளில் தட்டினேன். மூன்றாவதாக வந்தது நான்காம் ஆண்டு வகுப்பின் வலைப்பூ. அதில் மதிப்பெண் பட்டியல், எக்செல் கோப்பாக அப்படியே. 28 பிள்ளைகளின் முழுப்பெயர், மைகிட் எண் (மலேசியப் பிள்ளைகளின் அடையாள அட்டை எண்), அப்பாவின் கைப்பேசி எண். இந்த ஆண்டில் இப்படி நான் பார்ப்பது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆசிரியையிடம் காட்டினேன். "லிங்க்க பெற்றோர் வாட்சப் குழுவுல மட்டும்தான் சார் போட்டேன். வேற யாரு பார்க்கப் போறா?" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. லெபோ பசார் கடைத்தெருவில் கடையைத் திறந்து போட்டுவிட்டு, முகவரியைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் சொன்னேன் என்றால், தெருவில் போகிறவன் உள்ளே வரமாட்டானா? லிங்க் என்பது முகவரி, பூட்டு அல்ல. குழுவில் உள்ள 50 பேரில் ஒருவர் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினால் போதும். யாரும் அனுப்பாவிட்டாலும் தேடுபொறி தானாக வந்து படித்துக்கொண்டு போகும். வாசகர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பை நீங்கள் மாற்றாதவரை வலைப்பூ ஊருக்கே பொது. "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்பது பாதுகாப்பு அல்ல, நம் ஆசை.

மைகிட் எண்ணின் 12 இலக்கங்களைப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் பையன், இரட்டைப்படை என்றால் பெண். பெயருக்குப் பக்கத்தில் இதை வைத்தால் பிள்ளையைப் பற்றி வேறென்ன மிச்சம்?

இதனால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஒரு தாய்க்கு அழைப்பு வந்தது. மகன் திடலில் விழுந்துவிட்டான், மருத்துவமனைக்கு முன்பணம் வேண்டும் என்று. அழைத்தவனுக்குப் பையனின் வகுப்பும் ஆசிரியை பெயரும்கூடத் தெரிந்திருந்தது. நல்லவேளை, அவர் முதலில் பள்ளிக்கு அழைத்துக் கேட்டார். விவரம் வகுப்புப் பக்கத்திலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அத்தனையும் அங்கே இருந்தது.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான், அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்று சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். சரிதான். அதற்காகப் பிள்ளையின் எண்ணை வெளியில் போடலாமா?

மதிப்பெண், மைகிட், கைப்பேசி எண் எதுவும் வகுப்புப் பக்கத்தில் வேண்டாம். அந்தப் பக்கத்தைச் சொந்த ஜிமெயிலில் தொடங்காதீர்கள். நாளை சரவாக்குக்கு மாற்றலாகிப் போனால் பக்கம் அநாதையாகிவிடும். கல்வி அமைச்சின் கற்றல் தளமான டெலிமா கணக்கில் கூகுள் சைட்ஸ் திறந்து, யார் பார்க்கலாம் என்பதைக் குறிப்பிட்டு வெளியிடுங்கள். பெற்றோர் பிள்ளையின் கணக்கிலேயே வீட்டில் பார்க்கட்டும். இன்னோர் ஆசிரியருக்கும் உரிமை கொடுத்து வையுங்கள். படம் போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஒவ்வோர் ஆண்டும். சட்டையில் தைத்த பெயர்ப்பட்டை தெரிந்தால், படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டே போடுங்கள். ஏற்கெனவே போட்டதை அழித்தால் மட்டும் போதாது. தேடலில் எஞ்சியிருப்பதை விரைவாக நீக்கக் கூகுளிடம் தனியாகக் கோர வேண்டும்.

வகுப்பு வலைப்பூவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வலைப்பூவிலேயே ஒரு சிறுமி பாட்டி சுடும் அப்பத்தைப் பற்றி எழுதியிருந்தாள். கல் சூடேறிவிட்டதா என்று பாட்டி தண்ணீர் தெளித்துப் பார்ப்பது வரைக்கும். வீட்டு வேலையெல்லாம் முடித்து, இரவு 11 மணிக்கு அதைத் தட்டச்சு செய்து ஏற்றியவர் அந்த ஆசிரியைதான். மதிப்பெண் பட்டியலை அன்றே நீக்கினோம். அப்பம் இருக்கிறது.

இன்றிரவு உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, வீட்டில் வேறொருவர் கைப்பேசியில் உங்கள் வகுப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், டீச்சர். கெஞ்சிக் கேட்கிறேன்.