ஸ்டாமினாவுக்குத் தமிழ் என்ன? உரம்

பெங்களூரு அல்சூர் ஏரியைச் சுற்றிக் காலையில் ஓடும் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் தினமும் காதில் விழும் சொல் ஸ்டாமினா. இல்லாவிட்டால் ‘தம்’. ‘தம் இருக்கா, இன்னொரு ரவுண்டு போலாமா?’ தம் பாரசீகச் சொல், மூச்சு என்று பொருள்.

ஸ்டாமினா லத்தீன். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலுக்கு அங்கே ஸ்டாமென் என்று பெயர், அதன் பன்மைதான் ஸ்டாமினா. மனிதரின் ஆயுளை விதித் தெய்வங்கள் நூலாக நூற்கின்றன, இழையின் நீளம்தான் ஆயுள் என்று ரோமர்கள் நம்பினார்கள். அதிலிருந்து நகர்ந்து நகர்ந்துதான் ஆங்கிலத்தில் ‘தாக்குப்பிடிக்கும் வலு’ என்ற பொருள் வந்தது. நெசவு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், பாவு இற்றுப்போனால் குறுக்கே ஓடும் ஊடை எவ்வளவு நல்ல நூலானாலும் துணி வராது.

தமிழில் தாங்குதிறன் என்று எழுதுகிறோம். சரி, ஆனால் அது உடம்போடு நின்றுவிடுகிறது. கடைசிச் சுற்றில் பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்று வாட்ச்சைப் பார்த்தால் ஆறுதான் ஆகியிருக்கும், ஓடி முடித்ததும் வேண்டாம் என்று வைத்திருந்த வடையைக் கை தானாக எடுக்கும். இதெல்லாம் நுரையீரல் விஷயமா? 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் 37 டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்களில் ஒரு பாதிப்பேருக்கு மூன்று வாரம் பயிற்சியை 40 சதவீதம் கூட்டினார்கள். பொறுத்தால் அதிகப் பணம் என்றாலும் அவர்கள் உடனே கிடைக்கும் சிறு தொகையின் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். உடம்பு களைத்தால் மனக் கட்டுப்பாடும் தளர்கிறது. எதிர்த்திசையிலும் இது உண்டு. 2009-இல் வந்த இன்னொரு ஆய்வில் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை செய்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள் சராசரியாக 640 வினாடியில் ஓய்ந்தார்கள், அந்த வேலை இல்லாத நாளில் 754. இதயமும் தசையும் அப்படியேதான் இருந்தன, சிரமம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

அதனால்தான் மனதையும் சேர்த்துச் சொல்லும் உரம் என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ‘உரனென்னும் தோட்டியான் ஓரைந்தும் காப்பான்’ என்ற குறளில் உரன் (உரம்தான்) ஐந்து புலன்களை அடக்கும் அங்குசம், அதாவது தன்னடக்கம். ஊக்கமுடைமையின் கடைசிக் குறளில் ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ (ஊக்கத்தின் மிகுதியே ஒருவருக்கு வலிமை) என்கிறபோது அதே உரம் ஊக்கமாகிறது. அடக்கமும் ஊக்கமும் உடல்வலுவும் ஒரே சொல்லில்! பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை எங்கள் ஏரிக்கரையில்தான் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டும்போது இந்தச் சொல் நினைவுக்கு வரும்.

உரம் என்றால் யூரியா என்று நினைத்துவிடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். ‘உரம் பாய்ந்த உடம்பு’ என்று இன்றும் சொல்கிறோமே, யாரும் குழம்புவதில்லை. தயக்கமாக இருந்தால் நெஞ்சுரம் என்று எழுதுங்கள். உடம்பை மட்டும் சொல்லும் இடத்தில் தாங்குதிறனே இருக்கட்டும்.